நீல நூல் மூட்டை

வியாசர்பாடி,
17 டிசம்பர் 2023

நிரோஷன்,

நீல நூல் மூட்டையில் ஈரம் இல்லை. நீ பொய் எழுதினாய்.

ஷாரிக் பாய் நேற்று உன் முதலாளியிடம் போனில் கேட்டுவிட்டார். நவம்பரில் கப்பலில் போன பெட்டியில் ஒரு மூட்டைகூட ஈரமில்லை, எல்லாம் நன்றாகக் காய்ந்த சரக்கு என்று அவர் சொன்னாராம். குடோன் வாசலில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஷாரிக் பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உன் எண்ணை பிளாக் செய்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் என் கோபம் இறங்கிவிடும். அது இறங்கக்கூடாது. அதனால்தான் கடிதம். புஷ்பவல்லி அக்கா செவ்வாய்க்கிழமை விற்கிற சேலைப் பையோடு கொழும்புக்குப் பறக்கிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடு.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் யார் செய்தது என்று புரியும்.

தண்டையார்பேட்டை குடோனில் வெங்காயம் தரம் பிரிக்கும் ஒவ்வொருத்திக்கும், மூட்டை வாய் தைக்க ஒரு நிற நூல். காத்தூன் பீவிக்குப் பச்சை, எனக்கு நீலம். கொழும்பில் பெட்டியைப் பிரிக்கிற நீ, குறை கண்டால் நிறத்தைச் சீட்டில் எழுதுவாய். இங்கே ஆள் மாட்டிக்கொள்வாள். ஆனால் நீ குறை இல்லாதபோதும் பெட்டிக்குப் பெட்டி நீல நூல் மேல் ஒரு பொய்ப் புகார் எழுதினாய். "நீல நூல் மூட்டையில் ஒரு வெங்காயம் என்னை முறைக்கிறது." "நீல நூல் மூட்டைக்கு வாய் அதிகம், பக்கத்து மூட்டைகள் தூங்கவில்லை." ஷாரிக் பாய் எல்லோர் முன்னாலும் படிப்பார். "உங்காளு எழுதிட்டான்டி" என்று காத்தூன் பீவி என் இடுப்பில் குத்துவாள். அதெல்லாம் விளையாட்டு என்று எனக்கும் தெரியும்.

நவம்பர் கடைசியில் வந்த சீட்டு அப்படி இல்லை. "நீல நூல். மூன்று மூட்டை. ஈரம். முதலாளி பார்த்துவிட்டார்." உன் விளையாட்டில் நீ முதலாளியை இழுத்ததே இல்லை. அதனால் நம்பினேன்.

நான் ஏன் பயந்தேன் என்று உனக்குத் தெரியாதா? கொழும்பில், உங்கள் புறக்கோட்டையில், தரம் பிரிக்க ஒரு கொட்டகை போடுவதாக ஷாரிக் பாயும் உன் முதலாளியும் பேசி முடித்திருந்தார்கள். அதை நடத்த இங்கிருந்து ஒருத்தி. அந்த ஒருத்தி நான். வேலை இருந்தால் விசா. விசா இருந்தால், ஜனவரியில் ராயபுரத்தில் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு உன்னோடு நான் வருவேன். நாம் ஒரே வீட்டில் வாழ வேறு வழி கிடையாது. அந்த வேலையைக் கொடுக்கிறவர் என் மூட்டையில் ஈரத்தைப் பார்த்துவிட்டார் என்று நீ எழுதுகிறாய்.

ஒன்றாம் தேதி கர்னூலில் இருந்து லாரி வந்தது. மூட்டைக்குள் கையை விட்டேன். லேசான குளிர்ச்சி. வேறு நாளாக இருந்தால் விட்டிருப்பேன். அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டிக் காயப் பரப்பச் சொன்னேன்.

"இன்னாமா, கல்யாணப் பொண்ணு மருதாணிக்கு ஃபேன் போட்டுக்கினு ஒக்காந்தாப்ல ஒக்காந்துகினு கீற? கப்பலு போயிடும்மா" என்றார் ஷாரிக் பாய்.

"காயாம போவாது பாய். அங்க முதலாளி பாத்துட்டாராம்."

"கப்பல்?"

"அடுத்த கப்பல்ல போவட்டும்."

அந்த வார்த்தை என்னுடையதுதான். மறுக்கவில்லை.

பிறகு புயல். துறைமுகத்தை மூடினார்கள். குடோனில் முழங்கால் தண்ணீர், மூட்டைகளைப் பலகை மேல் பலகை போட்டு ஏற்றி வைத்தோம். எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தது, மீனவர்கள் பக்கெட்டில் மொண்டுகொண்டிருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் பெட்டியை ஏற்றினோம். அதற்குள் ஏழாம் தேதி டெல்லியில் உத்தரவு போட்டுவிட்டார்கள். மார்ச் கடைசி வரை வெங்காயம் நாட்டை விட்டுப் போகக்கூடாது. உள்ளூரில் விலை ஏறக்கூடாதாம். மறுநாள் எங்கள் லாரி துறைமுக வாசலில் நின்றது. "உத்தரவுக்கு முன்னாடி உள்ள வந்து பதிவான சரக்குன்னா விடலாம்மா. இது இன்னிக்குத்தானே வருது" என்றார் அங்கிருந்தவர். நல்ல மனுஷன்தான். தண்ணீர் பாட்டில்கூடக் கொடுத்தார்.

நான் விட்டுவிடச் சொன்ன அந்த முதல் கப்பலில் போயிருந்தால் பெட்டி தப்பியிருக்கும்.

இப்போது குடோனில் பூட்டு. உன் பெட்டி கோயம்பேட்டில் கேட்ட விலைக்குப் போனது. கொட்டகைப் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். முதலாளி பெயரை ஏன் எழுதினாய்?

செங்கொடி


புறக்கோட்டை, கொழும்பு
6 ஜனவரி 2024

அன்புள்ள செங்கொடி,

கடிதம் கிடைத்தது. புஷ்பவல்லி அக்கா கடைக்கே வந்து தந்தார். "தம்பி, படிக்கச்சொல்ல ஒக்காந்துகினு படி, நின்னுகினு படிக்காத" என்று சொல்லித்தான் தந்தார். நான் நின்றுகொண்டே வாசித்தேன்.

ஈரம் இருக்கவில்லை. அது சரி. ஆனால் முதலாளியின் பெயரை நான் இழுக்கவில்லை. அன்றைக்கு நான் சீட்டு எழுதும்போது அவர் பின்னால் வந்து நின்றுவிட்டார். இவ்வளவு காலமும் நான் என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். காது சுட்டுவிட்டது. அவர் சிரித்தார். "எழுதுடா தம்பி. நானும் பாத்தேன்னு சேத்து எழுது. புள்ள பயந்துபோய் சுருக்கா ஓடி வரட்டும்" என்றார். அவர் அப்படி விளையாடினால், கொட்டகை உறுதி, உங்கள் வேலை உறுதி என்று நான் நினைத்தேன். அதை உங்களுக்குச் சொல்லத்தான் அப்படியே எழுதினேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று இருந்தேன்.

நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேலைக் கதையைப் போனில் கதைப்பதில்லை என்று நாம் வைத்த சட்டத்தை அந்த ஒரு நாள் மீறியிருக்கலாம். நான் அன்று இரவுகூட உங்களோடு கதைத்தேனே. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் களைப்பு என்றீர்கள். ஆயிரம் மூட்டையைக் கொட்டிப் பரப்பிய களைப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள் பெரிய வெங்காயம், நாங்கள் சொல்கிற பம்பாய் வெங்காயம், இங்கே விற்கிற விலைக்கு, பெண்கள் கடைக்கு வந்து ஒன்று, இரண்டு என்று கேட்கிறார்கள். நிறுத்து விற்ற சாமானை எண்ணி விற்கிறோம். இந்த மாதம் வரியும் கூடிவிட்டது. கடன் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட எங்கள் அரசாங்கம் போட்ட வரி. முதலாளி கராச்சியில் இருந்து பெட்டி எடுத்துவிட்டார். மூட்டை இறக்குகிற நாட்டாமிமார் என்னைப் பகிடி பண்ணுகிறார்கள். "என்ன மாப்ள, பாகிஸ்தான் மூட்டைக்கும் புகார் எழுதப் போறியா? அங்க யாரு இருக்கா ஒனக்கு?"

கோபிக்க வேண்டாம், ஒன்று சொல்கிறேன். 2022-இல் எங்கள் நாட்டில் டொலர் இல்லை. சாமானை விடுவிக்கக் காசு கட்ட ஏலாமல் உங்கள் பெட்டி எங்கள் துறைமுகத்தில் கிடந்து அழுகியது. நான் அப்போது கடைக்குப் புதிது. நீல நூல் அழுகல் என்று எழுதி அனுப்பினேன். நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள்: "எங்க வெங்காயம் அழுகல. உங்க ஊருதான் அழுகிச்சி." கடை முழுக்க வாசித்துச் சிரித்தார்கள். எனக்கு அப்படி ஒரு கோபம். பிறகு கோபம் போய்விட்டது, அந்தச் சீட்டு மட்டும் சட்டைப் பையில் இருந்தது. நாம் அப்படித்தான் தொடங்கினோம். அன்றைக்கும் அழுகவைத்தது நீங்கள் இல்லை. இன்றைக்கும் நான் இல்லை.

பிளாக்கை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டாலும் எழுதுங்கள்.

நிரோஷன்


வியாசர்பாடி,
4 பிப்ரவரி 2024

நிரோஷன்,

உன் முதலாளி சொன்னதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். பஸ்ஸில் இருந்தேன்.

அவர் விளையாடினார். அவரால் முடியும். அவருக்கு இந்தியா இல்லாவிட்டால் கராச்சி. எங்களை மாதிரி ஆட்களிடம் முதலாளிகள் விளையாடும்போது நாங்கள் அதை உத்தரவாகத்தான் கேட்போம். வேறு எப்படிக் கேட்டாலும் வேலை போய்விடும் என்று பழகிவிட்டோம். இது உனக்கு இன்னும் புரியவில்லை என்றால், உன்னை நாட்டாமியாக இல்லாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்ததுதான் காரணம்.

இங்கே வெங்காய விலை இறங்கிவிட்டது. டெல்லி நினைத்தது நடந்தது. எங்கள் தெருவில் யாரும் அழவில்லை. அம்மா கூடை நிறைய வாங்கி வந்தாள். "வெலை எறங்கிக்கினு கீது, ஊரே சந்தோசமா கீது, நீ இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற?" என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை. அவள் சம்பளத்துக்கு வெங்காயம் மலிவாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் மலிவு எங்கே இருந்து வந்தது என்று நான் பார்த்தேன். கர்னூல்காரர் விளைந்ததை வயலிலேயே விட்டு டிராக்டரை ஓட்டினாராம். குடோனில் பூட்டு. விலை ஏறினால் நாற்காலி ஆடும் என்று பயப்படுகிறவர்களுக்கு, எங்கள் வேலை போனால் எதுவும் ஆடாது என்று நன்றாகத் தெரியும்.

நான் வேலைக்குப் போகிறேன். எங்கே என்று நீ கேட்பாய், நானே சொல்லிவிடுகிறேன். கொடுங்கையூர். குப்பைக் கிடங்கில் ஒப்பந்தக்காரரிடம். மக்கும் குப்பை ஒரு பக்கம், மக்காதது ஒரு பக்கம். ஈரம் ஒரு பக்கம், காய்ந்தது ஒரு பக்கம். கைக்குப் பழகின வேலைதான். தைக்க நூல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா இத்தனை வருடமாகக் குப்பை வண்டி தள்ளுகிறவள். அந்த மேட்டில் நான் கால் வைக்கக்கூடாது என்றுதான் என்னைப் படிக்கவைத்தாள். வெங்காய குடோனில் எனக்கு வேலை கிடைத்த அன்று தெருவுக்கே கேசரி கொடுத்தவள். நான் கொடுங்கையூர் போகிறேன் என்றதும் எழுந்து வந்தாள். என் கையுறையை வாங்கி உதறி, விரல் விரலாக உள்ளே அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கண்ணாடித் துண்டு இருக்கும் என்று.

அந்தக் கொட்டகை வேண்டும், நிரோஷன். எனக்கு உன்னோடு இருக்க மட்டும் இல்லை. அம்மா அந்தக் கையுறையை இனிமேல் உதறக்கூடாது.

பிளாக்கை எடுக்கவில்லை. எடுத்தால் நான் அழுவதை நீ கேட்பாய்.

செங்கொடி


கொட்டாஞ்சேனை, கொழும்பு
10 மார்ச் 2024

அன்புள்ள செங்கொடி,

உங்கள் கடிதத்தைத் தந்துவிட்டு, இனி இந்தப் பக்கம் அடிக்கடி வர ஏலாது என்று புஷ்பவல்லி அக்கா சொல்லிப் போனார். சேலை வாங்க இங்கே ஆள் இல்லையாம். "ப்ளேன் டிக்கெட்டுக்கே கட்டல தம்பி" என்றார். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

நான் நாட்டாமியின் மகன். அப்பா இந்தத் தெருவில் மூட்டை தூக்கித்தான் நெஞ்சு நொந்து செத்தார். அம்மா இன்னும் ஹட்டனில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறா. கல்லாப் பக்கம் உட்கார்ந்தவன் என்று நீங்கள் எழுதினதை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீங்கள் எழுதினதால் மட்டும் பொறுத்துக்கொள்கிறேன்.

ஜனவரியில் இருந்து கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட மாதிரியே தெருப் பக்கம் ஜன்னல். அடுப்புக்கு மேலே தட்டு அடித்தேன். கொட்டகைக்குத் தூண் நட்டுக் கூரைத் தகரமும் போட்டுவிட்டார்கள், இப்போது அதற்குள் கராச்சி மூட்டை அடுக்கியிருக்கிறது. "மார்ச் முடியட்டும். இந்தியாக்காரன் சொன்ன தேதிக்குத் தொறந்தா, உன் புள்ளய வரச் சொல்லு. தொறக்கலன்னா என்னால ஏலாது" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஒரு ஏஜென்சிக்காரன் ருமேனியாவுக்கு ஆள் எடுக்கிறான். இறைச்சித் தொழிற்சாலை. எங்கள் பக்கத்துப் பொடியன்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள். நான் பெயர் கொடுக்கவில்லை. மார்ச் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

வேலை விசா வராவிட்டால் என்ன? சுற்றுலா விசாவில் வாங்கோ. இங்கே பதிவு செய்வோம். மற்றதைப் பிறகு பார்ப்போம். அம்மா ஒவ்வொரு கிழமையும் கேட்கிறா, "அந்தப் புள்ள எப்பய்யா வரும்?" என்று. என்ன சொல்ல?

நிரோஷன்


வியாசர்பாடி,
26 மார்ச் 2024

நிரோஷன்,

தடையை நீட்டிவிட்டார்கள். இந்த முறை தேதிகூட இல்லை, மறு உத்தரவு வரை. தேர்தல் முடியாமல் எடுக்கமாட்டார்கள் என்கிறார் ஷாரிக் பாய். எங்களுக்கு அடுத்த மாதம் ஓட்டு. தெருவுக்குத் தெரு மைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வெங்காய விலையை இறக்கினோம் என்று ஒருவர் பேசினார். அம்மா தலையாட்டினாள். நான் கொடுங்கையூர் நாற்றத்தோடு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் கைக்குட்டையை எடுத்தார். அவ்வளவுதான் எங்கள் விவாதம்.

உன் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எழுதினேன். யாரையாவது குத்தவேண்டும் என்று இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நீ மட்டும்தான் இருந்தாய்.

சுற்றுலா விசாவில் வரமாட்டேன். வந்து? உன் அறையில் இன்னொரு மூட்டையாக உட்கார்ந்து, விசா முடிகிற நாளைச் சுவரில் பார்த்துக்கொண்டிருக்கவா? உன் சம்பளத்தில் சாப்பிட்டுவிட்டு, அம்மாவைக் குப்பை மேட்டில் விட்டுவிட்டா? என் கைக்கு வேலை இருக்கிற இடத்துக்குத்தான் வருவேன். இன்னும் கொஞ்ச நாள். தேர்தல் முடியட்டும். கதவைத் திறந்துதான் ஆகவேண்டும், எத்தனை நாள் மூடிவைப்பார்கள்?

ருமேனியாவுக்குப் போகிறவன் என்னிடம் கேட்டுவிட்டுப் போகவேண்டியதில்லை.

இதைத் தபாலில் போடுகிறேன். புஷ்பவல்லி அக்கா இப்போது மூலக்கடையில் இட்லி போடுகிறாள்.

செங்கொடி


கொட்டாஞ்சேனை, கொழும்பு
28 ஏப்ரல் 2024

செங்கொடி,

இந்தியாவில் இருந்து வெங்காயம் வந்தது.

புதுவருடத்தை ஒட்டி இரண்டு அரசாங்கமும் கதைத்து, இலங்கைக்கு மட்டும் கொஞ்சம் விட்டிருக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். எங்கள் கடைக்கும் ஒரு பங்கு வந்தது. நான் யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு மூட்டையின் வாயையும் நானே திருப்பிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை நூல். மிசினில் தைத்தது. அடியில் இருக்கும், அடுத்த அடுக்கில் இருக்கும் என்று பெட்டியின் கடைசி வரைக்கும் பார்த்தேன். நாட்டாமிமார் ஒருத்தரும் பகிடி பண்ணவில்லை. முத்தையா அண்ணன் மட்டும் "விட்ரு தம்பி" என்றார்.

அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் வழி இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் நடுவில் இல்லை.

நான் ருமேனியாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கேட்டுவிட்டுப் போகவேண்டியதில்லை என்று நீங்கள் எழுதினீர்கள். அதனால் கேட்கவில்லை. மே மாதம் இருபதாம் தேதி விமானம்.

தடை எடுத்தாலும் கொட்டகை இல்லை. முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். "அவனுக்கு வெல ஏறுனா மூடுவான், எறங்குனா தொறப்பான். அவன் கதவப் பாத்து நான் கட வைக்க ஏலாது தம்பி. சாமான் வந்தா வாங்குவேன். ஆளு எடுத்து, கொட்டக கட்டி, ஒண்ணா நின்னு செய்யிறதுக்கு நம்பிக்க வேணும்." அவரைக் குறை சொல்ல என்னால் ஏலவில்லை. எங்கள் நாடும் டொலர் இல்லாத காலம் இப்படித்தான் கதவை மூடியது.

நீங்கள் அன்றைக்கு அடுத்த கப்பல் என்றீர்கள். இப்போது தேர்தல் முடியட்டும் என்கிறீர்கள். நீங்கள் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். வெங்காயம் காய்ந்துதான் இருந்திருக்கும். ஆனால் நான் காத்துக் காத்து முளைவிட்டுப் போனேன், செங்கொடி.

அறையைக் கொடுத்துவிட்டேன். அடுப்புத் தட்டை மட்டும் கழற்றவில்லை. வருகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு தடவை, போகிறதுக்கு முந்தி ஒரு தடவை, பிளாக்கை எடுங்கள்.

நிரோஷன்


தண்டையார்பேட்டை,
25 மே 2024

நிரோஷன்,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. இருபதாம் தேதி போய்விட்டது. உறையில் இருக்கிற முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு ராத்திரியில் உத்தரவு எல்லாத் துறைமுகத்துக்கும் போய்ச் சேருகிறது. இந்த ஒரு தாளுக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

வாசித்ததும் பிளாக்கை எடுத்தேன். குடோன் வாசலில் நின்றுகொண்டே அழைத்தேன். எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொல்கிறாள். தமிழிலும் சொல்கிறாள், உங்கள் ஊர்த் தமிழில்.

நான் குடோனில் இருந்துதான் எழுதுகிறேன். தடையை நாலாம் தேதியே எடுத்துவிட்டார்கள். வரி போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் எடுத்துவிட்டார்கள். ஷாரிக் பாய் ஆள் அனுப்பினார். நான் கொடுங்கையூர்க் கையுறையைக் கழற்றி அங்கேயே வீசிவிட்டு வந்தேன். உன் முதலாளி ஒரு பெட்டி மட்டும் பார்க்கலாம் என்று சொன்னாராம். உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நான் எழுதவில்லை. பெட்டி திறக்கும்போது நீயே நீல நூலைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். என் விளையாட்டு இது. உன்னுடையதைப் போலவே முடிந்துவிட்டது.

இந்தத் தடவை சரக்கில் லேசாகக் குளிர்ச்சி இருந்தது. கொட்டவில்லை. காத்தூன் பீவி என் முகத்தைப் பார்த்தாள். "தைய்யி" என்றாள். தைத்தேன். முதல் கப்பலிலேயே போய்விட்டது. நேற்றுக் கிளம்பியது.

விமானம் தள்ளிப்போயிருக்கும். போகிறவர்களுக்கு ஏதாவது ஒரு தாள் குறைந்து திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். நீ அங்கேதான் இருக்கிறாய். பெட்டியை நீதான் பிரிக்கப்போகிறாய்.

செங்கொடி


தண்டையார்பேட்டை,
12 ஜூன் 2024

நிரோஷன்,

பெட்டி இறங்கிவிட்டது. சீட்டு வந்தது.

ஷாரிக் பாய் எல்லோர் முன்னாலும் படித்தார். பச்சை நூல், சரி. மஞ்சள் நூல், ஒரு மூட்டை நசுங்கல். நீல நூல் என்றதும் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். காத்தூன் பீவி என் இடுப்பில் குத்தத் தயாராக விரலை மடக்கிக்கொண்டாள்.

"நீல நூல், குறை இல்லை."

அவர் இன்னொரு தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். "அவ்ளோதாம்மா போட்ருக்கு" என்றார். காத்தூன் பீவி விரலை விரித்து, என் முதுகில் வைத்தாள். வேலை நடந்தது.

இத்தனை பெட்டியில் நீல நூலுக்குக் குறை இல்லை என்று வந்தது இதுதான் முதல் தடவை. குளிர்ச்சியோடு போன சரக்கு. உண்மையான ஈரம். அதைக்கூட யாரும் பார்க்கவில்லை. சீட்டில் இருந்தது உன் எழுத்து இல்லை.

இதை உன் அம்மாவின் தோட்டத்து முகவரிக்கு அனுப்புகிறேன். நீ எங்கே இருந்தாலும் அவர் சேர்ப்பிப்பார். எனக்கு மன்னிப்பு வேண்டாம், திரும்பி வருகிறேன் என்று எழுதவேண்டாம். அங்கே குளிரா, சாப்பாடு எப்படி என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை.

நீல நூலின் மேல் ஒரு புகார் எழுது. பொய்யாகவே எழுது.

செங்கொடி